வாப்பா ஆகாயத்தில் இருந்த நாள்

எங்கள் வாப்பா ஏணி ஏறாத மனிதர். ஜாலான் பெண்டஹாராவில் இருந்த எங்கள் கைலிக் கடையில் மேல்தட்டுக் கட்டுகளை இறக்க என் அண்ணன்தான் ஏறுவார். அண்ணனை நாங்கள் நானா என்போம். நானா ஏணியில் நிற்கும்போது வாப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஏறியவர் நன்றாகத்தான் இருப்பார். அண்ணாந்து பார்க்கிறவருக்குத்தான் தலை சுற்றும். கடைக்கு வந்தவர்கள் சிரித்தால், "சிரிங்க, நல்லா சிரிங்க. ஆண்டவன் காலைக் கீழ வச்சிருக்கான். அதை எதுக்கு நான் மேல தூக்கிட்டுப் போவணும்?" என்பார். அந்த மனிதர் எனக்காக ஆகாயக் கப்பலில் ஏறினார்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, ஒரு மாதம் இருந்தது. மலாக்கா முழுக்க மூங்கில் வளைவுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாயங்காலமானால் தகர மேளம் தட்டி அணிவகுத்துப் பழகுவார்கள். நாடு புது நாடாகப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அந்தப் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதுவே எனக்குப் பெரிய நாடு.

நிக்காஹ் ஹஜ் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு. அன்று மாலை பிறை தெரிந்துவிட்டால் முஹர்ரம் பிறந்துவிடும், அதை அடுத்து சபர். இந்த இரண்டு மாதமும் எங்கள் ஜனங்கள் கல்யாணம் வைப்பதில்லை. மார்க்கத்தில் தடையா என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. ஆனால் வைப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களோடு வருவதாக ஏற்பாடு. தள்ளிப்போன கல்யாணம் நின்றுபோன கல்யாணம் என்று சொல்கிற கிழங்கள் எங்கள் தெருவிலேயே நாலைந்து இருந்தன.

வாப்பா மட்டும் ஊரில் இல்லை. நாகூரில் அவருடைய மூத்த அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று தகவல் வந்து, இரண்டு மாதம் முன்பே கப்பலில் போயிருந்தார். மூத்தவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்க ஆரம்பித்தார்; ஆனால் வாப்பா திரும்பி வரவேண்டிய கப்பல் ஏதோ கோளாறில் துறைமுகத்திலேயே படுத்துவிட்டது. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தால் முஹர்ரம் வந்துவிடும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் நிக்காஹில் பெண்ணைக் கொடுக்க அவளுடைய தகப்பன் வேண்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவரை வலீ என்பார்கள். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உனக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று அவர் சொல்ல, இவர் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் நிக்காஹ். மற்றதெல்லாம் பிரியாணி.

தகப்பனால் வர முடியாவிட்டால் வேறொருவரைத் தன் சார்பில் நிற்கச் சொல்லி அதிகாரம் கொடுத்து அனுப்பலாம். அப்படிச் செய்யச் சொல்லி என் மாமா, உம்மாவின் தம்பி, நாகூருக்குத் தந்தி அடித்தார். மறுநாளே பதில் தந்தி வந்தது. வேண்டாம், மெட்ராஸிலிருந்து ஏரோப்பிளேனில் வருகிறேன், சனிக்கிழமை இரவு புறப்பாடு என்று இருந்தது. நானா அதை இரண்டு தடவை வாசித்தார். உம்மா சமையல்கட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏணி ஏறாத மனுசன்டா" என்று நானாவைப் பார்த்துச் சொன்னார்.

மாமா முனிசிபல் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. தனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. என் தங்கையின் பள்ளிக்கூடப் படப்புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, உலகப் படத்தை விரித்து, என் தாவணிக்குக் குஞ்சம் கட்ட வைத்திருந்த பச்சை நூலை எடுத்து மெட்ராஸில் ஒரு முனையை வைத்தார். சிங்கப்பூரில் மறுமுனையை இழுத்துப் பிடித்தார். நூல் ஒரு விரல் நீளம்கூட இல்லை.

"இவ்ளோதான் அக்கா. கப்பலுக்கு ஒரு வாரம். இதுக்கு ஆறேழு மணி நேரம். ராத்திரி மெட்ராஸ்ல சாப்பிட்டுட்டுப் படுத்தா விடியக்காலைல சிங்கப்பூர்ல பசியாறலாம்."

உம்மா குனிந்து பார்த்தார். எழுத்துக்கூட்டத் தெரியாது என்றாலும் நிறம் தெரியும்.

"நூலுக்குக் கீழ எல்லாம் நீலமா இருக்கே. தண்ணியா?"

"தண்ணிதான். தண்ணிக்கு மேலதானே போவுது, தண்ணிலயா போவுது?"

"விழுந்தா?"

மாமா நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு அந்த நூல் எப்படியோ உம்மாவிடம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு மீதியிருந்த இரண்டு நாளும் அவர் அதை வலது கை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்ததை நான் பார்த்தேன்.

எனக்கு அந்த இரண்டு நாளும் தூக்கம் கிடையாது. பத்து பெரண்டாமில் இருந்த சின்ன விமானத் திடலுக்கு எப்போதாவது ஒரு குட்டி விமானம் எங்கள் கூரை மேலே போகும். முன்பெல்லாம் ஓடிப்போய்ப் பார்ப்பேன். இப்போது அந்தச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டேன். அவ்வளவு உயரத்தில் வாப்பா எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கப் பார்ப்பேன், முடியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற முகம் மட்டும்தான் வரும். பிடித்துக்கொள்ள அங்கே ஏணிகூடக் கிடையாதே என்று நினைத்ததும் அழுகை வந்துவிடும். கல்யாணப் பெண் வீட்டைப் பிரிகிற துக்கத்தில் அழுகிறாள் என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மாமாவின் கணக்குப்படி வாப்பா இந்நேரம் சிங்கப்பூர் பாயா லேபாரில் இறங்கியிருக்க வேண்டும். அங்கே வாப்பாவின் கூட்டாளி ஒருவர் காரோடு காத்திருந்து, பத்து பகாட், மூவார் வழியாக அழைத்து வருவதாக ஏற்பாடு. அந்த இரண்டு ஊரிலும் ஆற்றைக் கடக்கப் பாலம் கிடையாது. காரைப் பெர்ரியில் ஏற்றித்தான் அக்கரை போகவேண்டும். வரிசை நீண்டால் அங்கேயே பொழுது போய்விடும். அப்படியும் மத்தியானத்துக்குள் வீடு வந்துவிடலாம் என்றார் மாமா.

நானாவும் மாமாவும் ஜாலான் பெண்டஹாராவில் தெரிந்தவர் கடைக்குப் போய் சிங்கப்பூருக்குப் போன் போட்டார்கள். கூட்டாளியின் கடையில் எடுத்தவர், இன்னும் வரவில்லை என்றார். மாமாவுக்கு முகம் வெளிறியதாம். பிறகு இங்கே போன் வைத்திருந்த கடைக்காரர், "மெட்ராஸ் மணி நமக்கு ரெண்டு மணி நேரம் பின்னாடிண்ணே. அதைக் கணக்குல சேத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மாமா சேர்க்கவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். மாமா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். உம்மா முதல் தடவையாக ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார்.

அந்த இரண்டு மணி நேரமும் போய்விட்டது. மத்தியானம் மறுபடி போன் போட்டபோது கூட்டாளியே பேசினார். மெட்ராஸில் மழையாம், பிளேன் ராத்திரி கிளம்பாமல் காலையில்தான் கிளம்பியதாம். கிளம்பிவிட்டது என்று ஆபீஸில் சொல்கிறார்களாம். ஆனால் சிங்கப்பூரிலும் இப்போது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது, எந்தப் பிளேனும் இறங்குவதாகத் தெரியவில்லை, நான் போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டும் சிங்கப்பூர் லைன் கிடைக்கவில்லை.

கிளம்பியிருக்கிறது, இறங்கவில்லை. இந்த இரண்டையும் நானா சமையல்கட்டில் நின்று சொன்னார். பெரிய தேக்சாக்களில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. சமையல்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தார்கள்.

"அடுப்பைப் பத்த வைங்க" என்றார் உம்மா. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாதி தூரம் வந்திருப்பாங்க."

பெண்களில் ஒருத்தி மெதுவாக யாசீன் கிதாபை எடுத்தாள். எங்களில் நல்லதுக்கும் யாசீன் ஓதுவோம். ஆனால் உயிர் பிரிகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓதுவதும் அதுதான். உம்மா அவள் கையிலிருந்து கிதாபை வாங்கி, முத்தமிட்டு, அலமாரியில் திரும்ப வைத்துக் கதவைச் சாத்தினார். பக்கத்து வீட்டு மலாக்கா செட்டி அம்மா, நெற்றி நிறைய விபூதியும் பேச்செல்லாம் மலாயுமாக இருப்பவர், பலகாரத் தட்டோடு வந்தவர் அதை அப்படியே வைத்துவிட்டு உம்மா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். வந்துடுவார் லா, வந்துடுவார் லா என்று மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் என் கை நிறைய மருதாணி, மேலெல்லாம் ஜரிகை, அசையக் கூடாது என்று உத்தரவு.

கிள்ளான் பஸ் வந்தது. அஸரும் ஆனது. மழை மூட்டம் மலாக்காவுக்கும் வந்து, கூடத்தில் பகலிலேயே விளக்கு ஏற்றினார்கள். ஆண்கள் கூடத்தில், நாங்கள் திரைக்குப் பின்னால். திரையின் ஓரத்தில் என் தங்கை கண்ணை வைத்துக்கொண்டு எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளுக்கு அப்போது பத்து வயது.

நிக்காஹை நடத்தி வைக்கும் காதி வந்து உட்கார்ந்தார். மெலிந்த மலாய்க்காரர், குரலை உயர்த்தாதவர். அதனாலேயே எனக்கு அவரிடம் பயம். நடுவில் மாப்பிள்ளைக்கு எதிரே ஒரு மெத்தை காலியாக இருந்தது. காதி அதைப் பார்த்தார்.

"பாப்பா டி மானா?" என்று கேட்டார். அப்பா எங்கே?

மாமா எழுந்து மெட்ராஸ், மழை, போன் எல்லாவற்றையும் சொன்னார். காதி கடைசி வரை கேட்டுவிட்டு, பொறுமையாக விளக்கினார். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும். அன்றைக்குத் தெரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். தகப்பன் உயிரோடு இருந்து, இரண்டு மர்ஹலாவுக்கு அப்பால் இருந்தால், காதியே வலீயாக நின்று முடித்து வைக்கலாம். மர்ஹலா என்பது அந்தக் காலத்தில் சுமை ஏற்றிய ஒட்டகம் ஒரு நாளில் நடக்கும் தூரம். இரண்டு மர்ஹலா நம் கணக்கில் ஏறக்குறைய அறுபது மைல். அதற்கு இந்தப் பக்கம் தகப்பன் வந்துவிட்டால் காதிக்கு உரிமை இல்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

"சிங்கப்பூரில் இருந்தால் நான் முடிக்கலாம்" என்றார். "பத்து பகாட் தாண்டி மூவார் பெர்ரிக்கு நின்றுகொண்டிருந்தால் நான் முடிப்பது செல்லாது. ஆகாயத்தில் இருந்தாலும் எந்த இடத்துக்கு மேலே என்று தெரிய வேண்டும். அதனால்தான் கேட்கிறேன், அப்பா எங்கே?"

"துவான் காதி, மெட்ராஸே இப்போ ஆறேழு மணி நேரம்தான்" என்றார் மாமா. "இதைப் போய்த் தூரம்னு சொல்லலாமா?"

"கிதாபில் ஒட்டகம்தான் இருக்கிறது" என்றார் காதி. "ஏரோப்பிளேன் இல்லை."

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. காதி சொல்லாமல் விட்ட மூன்றாவது இடம் ஒன்று இருந்தது, அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தகப்பன் மவுத்தாகி, இறந்துபோயிருந்தால் தூரம் என்ற கேள்வியே இல்லை. பாட்டனாரும் இல்லாத எங்கள் வீட்டில் உரிமை நேராக அண்ணனுக்குப் போய்விடும். அப்போது காதி முடித்து வைத்தாலும் அது நிக்காஹ் ஆகாது.

மாப்பிள்ளையின் தகப்பனார் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர், கடைசி வரை என்னை மகளாகத்தான் வைத்திருந்தார். "யாரும் தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். ரெண்டு விதமாவும் முடிச்சிருவோம். முதல்ல காதி உக்காரட்டும். அப்புறம் சும்மா ஒரு ஜாக்கிரதைக்கு அண்ணன்காரரும் ஒரு தடவை உக்காந்து கையைப் பிடிச்சுச் சொல்லிரட்டும். எது சரியோ அது நிக்கும்."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். நியாயமான யோசனைதான். உம்மாவின் விரலில் பச்சை நூல் இறுகி, விரல் நுனி கறுத்திருந்தது.

"நானா எந்திரிச்சுட்டாங்க" என்றாள் தங்கை.

"நான் அங்க உக்கார மாட்டேன்" என்று நானாவின் குரல் கேட்டது. கடையில் சத்தமாக ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"சும்மா ஜாக்கிரதைக்குத்தானே மாப்ளே" என்றார் மாமா.

"என்ன ஜாக்கிரதை மாமா? நான் அந்த இடத்துல உக்காந்தா, வாப்பா மவுத்துன்னு நானே சாட்சி சொன்ன மாதிரி. உக்கார மாட்டேன். யாரு சொன்னாலும் உக்கார மாட்டேன்."

செருப்புப் போடாமலேயே ரோட்டுக்கு இறங்கிவிட்டார். மழை தூற ஆரம்பித்திருந்தது.

பிறகு காதி எழுந்து திரைக்கு அருகே வந்தார். தகப்பன் தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டு நான் வலீயாக நிற்பதென்றால் மணப்பெண் என்னிடம் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். கேட்டுக்கொள்கிறாயா மகளே என்று மென்மையாகக் கேட்டார்.

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாப் பெண்களும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம். ஏணி ஏறாத மனிதர் என் கையைப் பிடித்துக் கொடுக்கத்தான் ஏறினார். அவர் கடலில் கிடந்தால் அவரைக் கொண்டுபோய் அங்கே போட்டது நான்தான். அதைவிடக் கெட்ட ஒரு நினைப்பும் வந்தது. நிக்காஹ் முடிந்துவிட்டால் எல்லோரும் சாப்பிடுவார்கள், பஸ் ஏறுவார்கள், என்னையும் ஏற்றிவிடுவார்கள், வாப்பா வந்தாக வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது. அந்த மெத்தை காலியாக இருக்கும் வரைதான் அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பைத்தியக்கார நினைப்புதான், ஆனால் அன்றைக்கு அதைவிட உறுதியான ஒன்று என்னிடம் இல்லை.

"இல்லை துவான்" என்றேன் மலாயில். "என் வாப்பா வந்துகொண்டிருக்கிறார். நான் காத்திருக்கிறேன்."

குரல் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. பெரிய மனிதர்கள் நடுவில் கல்யாணப் பெண் வாயைத் திறந்தாள் என்று அந்தத் தெருக் கிழங்கள் பிறகு ரொம்ப நாள் பேசின. பேசட்டும். அத்தை ஒருத்தி என் தொடையில் கிள்ளினாள். உம்மா அவள் கையைத் தட்டிவிட்டார்.

பொழுது சாய்ந்து மஃரிப் ஆனது. சில ஆண்கள் பிறை பார்க்கக் கடற்கரைப் பக்கம் போய் நனைந்து திரும்பினார்கள். வானம் முழுக்க மேகம், பிறை தெரியவில்லை. காதி, அப்படியானால் மாதம் முப்பது நாளாகிறது, நாளை மஃரிப் வரை ஹஜ் மாதம்தான் என்றார். எந்த மழையை நாள் முழுக்க நாங்கள் திட்டிக்கொண்டிருந்தோமோ அதுவே ஒரு நாளைக் கொடுத்தது. உம்மா எழுந்து எல்லோருக்கும் சோறு போடச் சொன்னார். கல்யாணம் நடக்காத வீட்டில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூட யாருக்கும் வாய் வரவில்லை.

தங்கை திரும்பி வந்து என் காதில் சொன்னாள். "லாத்தா, நானா இன்னும் ரோட்டுலயே நிக்கிறாங்க. மாப்பிள்ளை மச்சான் குடையோட போயி பக்கத்துல நிக்கிறாங்க."

அதுவரை அந்த மனிதரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். பிடித்திருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நேரத்தில் பதில் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை பயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. முந்தின நாள் எல்லோரும் பேசினார்கள். இப்போது ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா காப்பிக் கடை ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தார். செய்தியில் ஒன்றும் சொல்லவில்லை என்றார். நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. கம்யூனிஸ்ட் கலகத்தால் ஜொகூரில் சில இடங்களில் இன்னும் ராத்திரி ஊரடங்கு இருந்ததால் கார் எங்காவது தங்கி வரும் என்று ஒருவர் சொல்ல, அதையே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். வெயில் ஏற ஏற ஆண்கள் எல்லோரும் வாசலில் இறங்கி, மூவார்ப் பக்கத்திலிருந்து வருகிற வண்டிகளை எதிர்பார்த்து டவுன் பக்கமே கழுத்தைத் திருப்பி நின்றார்கள். நானாவும் மாப்பிள்ளையும் முன்னால் நின்றார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் ஜன்னலில் நிற்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் தெம்பில்லை.

நடுப்பகல், லுஹர் பாங்கு சொல்லி முடிந்த நேரம். அவர்கள் முதுகுப் பக்கமாக ஒரு டாக்சி வந்து நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து ஒரு மனிதர் இறங்கினார். சட்டை கசங்கி, தொப்பி கோணி, முகம் வெந்த வாழைக்காய் நிறத்தில் இருந்தது. இரண்டு காதிலும் வெள்ளையாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"வாப்பா!" என்று நான் கத்தினேன். அவர் திரும்பவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் அவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, தெருவே கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்.

"என்ன எல்லாரும் ரோட்டுல நிக்கிறீங்க? மாப்பிள்ளை இன்னும் வரலியா?"

மாப்பிள்ளை அவருக்கு ஒரு முழ தூரத்தில் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

காதில் பஞ்சு. ஏறும்போது காதில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பிளேனில் கொடுத்தார்களாம். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதனால் இவர் எடுக்கவில்லை. நானா அந்தப் பஞ்சைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டு, அவர் தோளில் முகத்தை வைத்து ஓவென்று அழுதார். உம்மா வாசல் வரை வந்தார். பக்கத்து வீட்டு அம்மா பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். "பசியாறினீங்களா?" என்று மட்டும் வாப்பாவைக் கேட்டார்.

நடந்தது இதுதான். சிங்கப்பூரில் மழையால் இறங்க முடியாது என்று பிளேனைப் பினாங்குக்குத் திருப்பிவிட்டார்கள். மழை விட்டதும் மறுபடி ஏறச் சொன்னார்கள். வாப்பா மாட்டேன் என்றுவிட்டார். இறங்கின காலை மறுபடி தூக்க மாட்டேன், கழுத்தை அறுத்தாலும் மாட்டேன் என்று சொல்லி, ஒரு தந்தி கொடுத்துவிட்டு, ராத்திரி ரயில் பிடித்து, மாறி, தம்பினில் இறங்கி, டாக்சியில் வடக்கிலிருந்து வந்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் தெற்கே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அவர் அடித்த தந்தி அன்று சாயங்காலம், நிக்காஹ் முடிந்த பிறகு வந்தது.

காதி இதைக் கேட்டுவிட்டு, நேற்று அந்த நேரத்தில் அவர் பினாங்கில் இருந்தார், முந்நூறு மைல், நான் முடித்திருந்தாலும் செல்லுபடியாகியிருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குப் பிடித்திருந்தது. அன்று அஸருக்குப் பிறகு வாப்பா அந்த மெத்தையில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மாப்பிள்ளை பிற்பாடு சொன்னார், நான்தான் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று.

பல நாள் கழித்து ஒரு பெருநாளில் வாப்பாவே மீதிக் கதையைச் சொன்னார். கடல் நடுவில் பிளேன் ஒரு குலுக்குக் குலுக்கியதாம், சாமான் எல்லாம் மேலேயிருந்து விழுந்ததாம். கதை முடிந்தது என்று நினைத்திருக்கிறார். உயிர் போகும்போது சொல்ல வேண்டிய கலிமாவை முதலில் சொல்லவில்லை. பின் வரிசையில் இருந்த இரண்டு ராவுத்தர்களைத் திரும்பிப் பார்த்து, என் மகள் நிக்காஹில் மலாக்கா காதி என் சார்பில் நிற்க நான் அதிகாரம் கொடுத்துவிட்டேன், நீங்கள் இரண்டு பேரும் சாட்சி என்று கத்தியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கலிமா.

"அவங்களும் அதே பிளேன்லதானே மாமா இருந்தாங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

வாப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அது அப்போ தோணலை" என்றார். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. உம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வாப்பா அதற்குப் பிறகு எங்கேயும் பறக்கவில்லை, ஏணியும் ஏறவில்லை. சில வருஷம் கழித்து, தரையில் பாய் போட்டுப் படுத்தபடி, நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு உம்மாவே அலமாரியைத் திறந்து யாசீனை எடுத்துக் கொடுத்தார். நான் அழுதேன், ஆனால் பயப்படவில்லை. பயமெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கையின் நிக்காஹ் அதே கூடத்தில்தான் நடந்தது. இந்தத் தடவை திரையின் ஓரத்தில் கண்ணை வைத்திருந்தது நான். புதுக் காதி, இளைஞர், நேரத்துக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு எதிரே அந்த மெத்தை. நானா உள்ளே வந்தார், தலையில் வாப்பாவின் தொப்பி. ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

என் பக்கத்தில் உம்மா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. காதி கிதாபைத் திறந்தார். அந்தக் கூடத்தில் அன்று யாரும் அப்பா எங்கே என்று கேட்கவில்லை.